மாம்பழத் தயிர் ஐஸ் ஏன் கல்லாகிறது?

மதுரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "மாம்பழத்தையும் தயிரையும் மிக்ஸியில் அடித்து, குல்ஃபி அச்சில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தேன். கல் மாதிரி ஆகிவிட்டது. பிள்ளைகள் கொஞ்ச நேரம் சப்பியதும் நிறம், ருசி எல்லாம் போய் வெறும் ஐஸ்கட்டிதான் மிச்சம். சர்க்கரையைக் குறைத்துத்தான் போட்டேன். அடுத்து பப்பாளி போட்டுச் செய்தேன், ஒரே கசப்பு. கடையில் கிடைக்கும் ஃப்ரோஸன் யோகர்ட் போல மெஷின் இல்லாமல் மெத்தென்று செய்ய முடியுமா? உறைந்த பிறகும் தயிரின் சத்து இருக்குமா? சளி பிடிக்கும் என்கிறார் மாமியார். பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தனுப்பலாமா? மகளுக்கு 4 வயது, மகனுக்கு 9."

முதலில் அந்த வெறும் ஐஸ்கட்டியைப் பற்றிப் பேசுவோம். உங்கள் மற்ற சந்தேகங்களில் பாதிக்கு அதிலேயே விடை இருக்கிறது.

தயிரில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 85 முதல் 88 கிராம் தண்ணீர்தான். மாம்பழத்திலும் 80 கிராமுக்கு மேல் தண்ணீர். ஆக, நீங்கள் அச்சில் ஊற்றியதில் பெரும்பகுதி தண்ணீர். ஃப்ரீசரில் அது ஒரே நொடியில் மொத்தமாக உறைந்துவிடுவதில்லை. சுத்தமான தண்ணீர் முதலில் ஐஸ் ஊசிகளாகப் பிரிந்து உறையும். சர்க்கரை, பழத்தின் நிறம், புளிப்பு எல்லாம் மீதமுள்ள தண்ணீரில் ஒதுங்கி, கெட்டியான பாகாக அந்த ஊசிகளின் நடுவே நிற்கும். வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியிலும் இந்தப் பாகு முழுதாக உறையாது. பிள்ளைகள் உறிஞ்சியது அந்தப் பாகை. கையில் மிஞ்சியது ஐஸ் கூடு.

உறையாத அந்தப் பாகு எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவுக்குத்தான் ஐஸ் மெத்தென்று இருக்கும். சர்க்கரையைக் குறைத்தால் பாகு குறையும், தண்ணீர் கூடுதலாக உறையும், பல்லுக்கு வேலை வந்துவிடும். இனிப்பைக் குறைத்ததில் தப்பு இல்லை. ஆனால் ஐஸ் வகைகளில் சர்க்கரை இனிப்புக்காக மட்டும் போடப்படுவதில்லை, இளக்கத்துக்காகவும்தான். அதைக் குறைத்தால், வேறு வழியில் தண்ணீரையும் குறைத்தாக வேண்டும். கடையில் மெஷின், உறையும் கலவையை விடாமல் கிண்டி, ஐஸ் ஊசிகள் பெரிதாகாமல் உடைத்து, கூடவே காற்றையும் ஏற்றிவிடுகிறது. நம் வீட்டில் அது நடக்காது.

ஆனால் மெஷினே இல்லாமல் வந்ததுதானே குல்ஃபி? அதில் காற்று ஏற்றுவது கிடையாது. பாலைச் சுண்டக் காய்ச்சித் தண்ணீரை முதலிலேயே போக்கிவிடுகிறார்கள், அவ்வளவுதான். நாமும் அந்த வழியில் போகலாம். தயிரைக் காய்ச்சினால் திரிந்துவிடும் என்பதால், துணியில் கட்டி வடிக்க வேண்டும். மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் ஸ்ரீகண்ட் என்ற தயிர் இனிப்புக்குச் செய்வது இதைத்தான். வடித்த தயிருக்கு அங்கே சக்கா என்று பெயர், அதில் மாம்பழம் சேர்த்தால் ஆம்ரகண்ட். என்னைக் கேட்டால், வீட்டில் செய்யும் ஃப்ரோஸன் யோகர்ட் என்பது உறைய வைத்த ஆம்ரகண்ட்தான். வடித்துக் கெட்டியாக்கி விற்கும், விலை கூடிய கிரீக் யோகர்ட் டப்பாவைத் தேடி அலைய வேண்டியதில்லை.

தயிருக்கு முழுக்கொழுப்புப் பால் எடுங்கள். ஆவினில் ஆரஞ்சு பாக்கெட் மாதிரி, 6 சதவீதம் கொழுப்பு உள்ள பால். ஒரு லிட்டரை முக்கால் லிட்டருக்குக் கிட்டே வரும்வரை சிறுதீயில் கிளறிக் காய்ச்சுங்கள். பால் பொங்கியதும் இறக்காமல் அப்படி நிதானமாகச் சூட்டில் இருந்தால், அதிலுள்ள புரதம் குணம் மாறித் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். தயிர் கெட்டியாக உறையும். கை பொறுக்கும் சூட்டில் உறை ஊற்றுங்கள். மதுரை வெயிலுக்கு இரவு முழுக்க வெளியே விட்டால் காலையில் கடும் புளிப்புதான். பகலில் உறை ஊற்றி, ஐந்தாறு மணி நேரத்தில் தோய்ந்ததும் ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிடுங்கள். புளித்த தயிரைச் சரிக்கட்ட எவ்வளவு சர்க்கரை போட்டாலும் போதாது, ஏனென்றால் குளிர்ந்த நாக்குக்கு இனிப்பு மந்தமாகத்தான் தெரியும்.

அப்புறம் வடிப்பது. மெல்லிய பருத்தித் துணியில் தயிரைக் கொட்டி, வடிதட்டில் வைத்து, அடியில் பாத்திரம் வைத்து, அப்படியே ஃப்ரிட்ஜில் நாலைந்து மணி நேரம் விடுங்கள். சமையலறைக் குழாயில் மூட்டையாகத் தொங்கவிடும் பழக்கம் மார்கழிக்குச் சரி, சித்திரைக்கு ஆகாது. பிழியவும் வேண்டாம், பிழிந்தால் தயிரும் துணி வழியே வந்துவிடும். 600 கிராம் தயிர் 300 கிராம் அளவுக்கு வந்தால் போதும். வடிந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். தயிரின் கால்சியத்தில் ஒரு பங்கும் சில பி வைட்டமின்களும் அதோடுதான் போகின்றன. சப்பாத்தி மாவு பிசைய அது அருமையான தண்ணீர்.

இனி பழம். அதையும் அப்படியே போடாமல், கூழாக்கிச் சுண்ட வைக்க வேண்டும். பங்கனப்பள்ளி, இமாம் பசந்த், அல்போன்சா மாதிரி நார் இல்லாத மாம்பழமாக இருந்தால் நேரே அடிக்கலாம். நார் இருந்தால் வடிகட்டுங்கள். 300 கிராம் கூழை அடி கனமான வாணலியில் போட்டு 200 கிராமாக வரும்வரை கிளறி, நன்றாக ஆறவிடுங்கள். சூடாக்கினால் மாம்பழத்தின் புது மணம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். அது பிடிக்காதவர்கள் பாதிக் கூழைச் சுண்ட வைத்து, மீதியை அப்படியே சேர்க்கலாம். கொஞ்சம் ஐஸ் தட்டும், ஆனால் மணம் தூக்கும். எனக்கு இரண்டாவது முறைதான் பிடிக்கும். டப்பாவில் வரும் மாம்பழக் கூழ் என்றால் சர்க்கரை சேர்த்ததா என்று லேபிளைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

அளவு இதுதான்: வடித்த தயிர் 300 கிராம், சுண்டிய கூழ் 200 கிராம், சர்க்கரை 65 கிராம், ஃப்ரெஷ் கிரீம் அல்லது வீட்டுப் பாலாடை இரண்டு மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. ஆறு பேர் சாப்பிடலாம். ஒருவருக்குச் சேர்த்த சர்க்கரை 11 கிராமுக்குள் அடங்கிவிடும். கொண்டாட்ட நாளுக்கு இது பெரிய அளவு இல்லை, தினமும் என்றால் யோசிக்க வேண்டும். சர்க்கரையில் 20 கிராமை எடுத்துவிட்டு அதே எடைக்குத் தேன் விட்டால் இன்னும் இளக்கமாக வரும். தேனில் உள்ள குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் உறைவதைத் தடுப்பதில் சர்க்கரையைவிடக் கெட்டிக்காரர்கள். ஆனால் வீட்டில் ஒரு வயது நிரம்பாத குழந்தை இருந்தால் தேன் சேர்த்ததை நாக்கில்கூடத் தடவ வேண்டாம். சர்க்கரையை இன்னும் குறைத்தே ஆக வேண்டும் என்றால், ஒரு தேக்கரண்டி சோள மாவைக் கொஞ்சம் பாலில் கரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவைத்துச் சேர்த்துப் பாருங்கள். தண்ணீரைக் கட்டிவைக்கும். பால் பவுடரும் உதவும், ஆனால் இரண்டு மேசைக்கரண்டியைத் தாண்டினால் நாக்கில் மணல் மாதிரி நெருடும்.

பப்பாளி கசந்ததற்கு நீங்கள் காரணமில்லை. பப்பாளியில் பப்பைன் என்ற நொதி இருக்கிறது. கறி சீக்கிரம் வேக பப்பாளிக்காயைச் சேர்க்கிறார்களே, அந்த வேலையைச் செய்வது இதுதான். பழுத்த பிறகு குறைந்தாலும் முழுக்கப் போய்விடாது. அது தயிரின் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டும், அந்தத் துண்டுகளில் சில கசக்கும். அன்னாசியும் கிவியும் இதே ரகம். குளிரில் நொதி மெதுவாகுமே தவிர சாகாது. சூட்டில்தான் சாகும். இந்தப் பழங்களை மட்டும் கூழாக்கி, கொதி வந்த பிறகு ஐந்து நிமிடம் வேகவைத்து ஆறவைத்துச் சேருங்கள்; கசப்பு வராது. டப்பாவில் அடைத்த அன்னாசி ஏற்கெனவே சூடு கண்டது, கவலை வேண்டாம்.

மாம்பழப் பருவம் முடிந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் இதற்கென்றே பிறந்த மாதிரி ஒரு பழம் இருக்கிறது: கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை. அரை கிலோவைத் தோலோடு வேகவைத்து, மசித்து வடிகட்டி, சாறைப் பாதியாகச் சுண்டவிடுங்கள். நிறம் தோலில்தான் இருக்கிறது, அதனால் தோலை உரிக்காதீர்கள். தயிரின் புளிப்பும் திராட்சையின் புளிப்பும் ஒன்றோடொன்று நன்றாகவே ஒத்துப்போகும். வாழைப்பழம் இன்னும் சுலபம், சுண்ட வைக்கவே வேண்டாம், மசித்தாலே பசை மாதிரி நிற்கும். மலைவாழை கிடைத்தால் விடாதீர்கள். பலாச்சுளை நல்ல மணம், அரைத்து வடிகட்ட வேண்டும். தர்பூசணியை மட்டும் விட்டுவிடுங்கள். 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், அதைத் தயிரில் கலந்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

உறைய வைக்கும் முறைக்கு வருவோம். கலவையை முதலில் ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரம் குளிரவிடுங்கள். பிறகு அகலமான, ஆழமில்லாத எவர்சில்வர் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். சீக்கிரம் உறைந்தால் ஐஸ் ஊசி சிறிதாக இருக்கும்; பிளாஸ்டிக் டப்பாவைவிட எவர்சில்வர் அதற்கு நல்லது. 40 நிமிடம் கழித்து ஓரம் கட்டியிருக்கும். முள்கரண்டியால் ஓரத்தைச் சுரண்டி நடுவே தள்ளி நன்றாக அடித்துக் கலக்குங்கள். இப்படி மூன்று நான்கு முறை. இதற்குப் பொறுமை இல்லாதவர்களுக்கு மிக்ஸி வழி: கலவையை ஐஸ் டிரேயில் ஊற்றிக் கட்டிகளாக உறைய வைத்து, பத்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு, குளிர்ந்த ஜாரில் விட்டு விட்டு அடித்து உடனே பரிமாறுவது. இதில் வரும் மென்மை, கையால் கிண்டியதில் வராது. ஒரே குறை, மீந்ததைத் திரும்ப உறைய வைத்தால் மறுபடி இறுகும்.

பிள்ளைகள் தின்பண்டமாகக் கொறிக்க வேண்டும் என்றால் எனக்குப் பிடித்தது தகடு. தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, கலவையை அரை விரல் கனத்துக்குப் பரப்பி, மேலே பொடியாக நறுக்கிய பேரீச்சை, கிஸ்மிஸ், உடைத்த பிஸ்தா தூவி உறைய வைத்து, கையால் உடைத்துக் கொடுப்பது. மெல்லிசாக இருப்பதால் கொஞ்சம் இறுகினாலும் கடிக்க முடியும், கிண்டும் வேலையும் இல்லை. மேலே தூவ உலர்ந்த பழம்தான் சரி. பச்சைப் பழத் துண்டு உறைந்தால் கூழாங்கல். உங்கள் மகளுக்கு 4 வயதுதான் என்பதால் முழு திராட்சை, முழுப் பருப்பு எதுவும் வேண்டாம், தொண்டையில் அடைக்கும். அவளுக்கான பங்கைக் கொஞ்சம் இளகிய பிறகு ஸ்பூனில் கொடுங்கள்.

எந்த வடிவமானாலும் மேல்பரப்போடு ஒட்டினாற்போல் பட்டர் பேப்பர் வைத்து மூடி, ஃப்ரீசரின் உள்பக்கம் வையுங்கள். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் வெப்பம் ஏறி இறங்கி, சிறு ஊசிகள் கரைந்து பெரிய ஊசிகளோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். கரண்ட் போய் முழுக்க உருகி, இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெதுவெதுப்பாகக் கிடந்ததைத் திரும்ப உறைய வைத்துக் கொடுக்காதீர்கள். கட்டித் தயிர் ஐஸைப் பரிமாறும் முன் 15 நிமிடம் கீழே ஃப்ரிட்ஜில் வைத்தால் ஸ்பூன் இறங்கும்.

சத்து பற்றிக் கேட்டீர்கள். தயிரின் பாக்டீரியாவில் ஒரு பகுதி உறையும்போது சாகும், மீதி தூங்கும், வயிற்றுக்குள் வெப்பம் பட்டதும் விழித்துக்கொள்ளும். புரதத்துக்கு ஒன்றும் ஆகாது. இதே காரணத்தால் கெட்ட கிருமியும் ஃப்ரீசரில் முழுதாகச் சாவதில்லை. வாடை தட்டிய தயிரை உறைய வைத்துக் காப்பாற்ற நினைக்காதீர்கள்.

மாமியார் சொல்வது பல வீடுகளில் சொல்வதுதான். சளி வைரஸால் வருவது, குளிர்ந்த பண்டம் அதை உண்டாக்காது. தயிரும் பழமும் சேர்வதும் ஆரோக்கியமான பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. ஆனால் ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் சிலருக்குச் சில்லென்று எதைச் சாப்பிட்டாலும் இருமல் கிளம்பும். அப்படி ஏதும் இருந்தால் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மாமியாருக்கு உறைய வைக்காத கலவையில் ஒரு கிண்ணம் தனியாக எடுத்து, ஏலக்காய்ப் பொடி தூவிக் கொடுங்கள். அது அசல் ஆம்ரகண்ட், மறுக்க மாட்டார்.

பள்ளிக்கூடத்துக்கு வேண்டாம். முதல் பீரியட் முடிவதற்குள் கலங்கிய மோராகி, பையும் நோட்டும் நனையும். சாயங்காலம் வீடு திரும்பியதும், யூனிஃபார்மைக் கழற்றிய பிறகு கொடுங்கள். பன்னீர் திராட்சைக் கறை வெள்ளைச் சட்டையில் பட்டால் போகவே போகாது.