ஆன்லைனில் பலர் சேர்ந்து ஆடும் கேம்களுக்குக் கொடுக்கும் காசு தகுமா, வீண் செலவா?

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். நாள் முழுக்க காஸ்டிங் போடுவதுதான், அதாவது ஒரு பீஸுக்கு என்ன செலவாகும் என்று கணக்குப் பார்ப்பதுதான் பொழப்பு. அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கை தானாகக் கால்குலேட்டருக்குப் போய்விட்டது.

2020 ஊரடங்கில் கல்லூரிக் கூட்டாளிகள் நாலு பேரும் கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிடிவ் எடிஷன் வாங்கினோம். கோட்டை கட்டிப் படை திரட்டிச் சண்டை போடுகிற கேம். தள்ளுபடியில் ஆளுக்கு 300 ரூபாய். இன்று திறந்து பார்த்தால் 1,140 மணி நேரம் ஆடியிருப்பதாகக் காட்டுகிறது. மணிக்கு 26 பைசா. அந்தக் காசுக்குக் கடலை மிட்டாயில் ஓரம்கூட வராது.

ஆனால் இந்த ரேட்டை யாராவது என் மேசைக்குக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். துணி விலையை மட்டும் வைத்து டீசர்ட்டுக்கு ரேட் சொன்ன மாதிரி இருக்கிறது. தையல் கூலி, லேபிள், பாலிபேக், வேஸ்டேஜ் எல்லாம் எங்கே? லேப்டாப் 58,000. நெட்டுக்கு மாதம் 700 சொச்சம். இரண்டும் ஆபீஸ் வேலைக்கும் வேண்டியதுதானே என்று வீட்டில் சொல்லித் தப்பித்தேன். சிவப்பு விளக்கு எரியும் மவுஸுக்கு அந்தச் சாக்கு செல்லவில்லை.

இன்னொன்று, இந்த மணிக்கணக்கே ஏமாற்றும். தினமும் உள்ளே வந்து இரண்டு மணி நேரம் செக்கு சுற்றினால்தான் நாலு காசு சேரும் என்று இழுத்தடிக்கிற கேம், இந்தக் கணக்கில் மலிவாகத் தெரியும். நேரம் போனது வரவா செலவா என்பதை அது சொல்லாது.

2009 வாக்கில் பெருந்துறை ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டர். பத்து கம்ப்யூட்டர், மணிக்கு 20 ரூபாய். எல்லாவற்றையும் ஒயரில் இணைத்து கவுண்டர்-ஸ்டிரைக் 1.6 என்ற துப்பாக்கிச் சண்டை கேம். பின்னால் நிற்பவன் "இடது பக்கம் வர்றான் மாப்ள" என்று கத்துவான். காட்டிக்கொடுக்காதே என்று எதிரணிக்காரன் மூன்றாவது நாற்காலியிலிருந்து எழுந்து வருவான். மேலே சொன்ன 26 பைசாவோடு பார்த்தால் எழுபது எண்பது மடங்கு விலை. டீக் காசை மிச்சம் பிடித்துத்தான் கொடுத்தோம். ஒருநாளும் நட்டம் என்று தோன்றியதில்லை.

அதனால் என் பதில் இதுதான்: உங்களோடு ஆட ஆள் இருந்தால் தகும். நீங்கள் வாங்குவது கேமை அல்ல, அதில் கூடும் கூட்டத்தை. கூட்டம் இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய கம்பெனி செய்ததானாலும் ஒன்றுமில்லை. சோனியின் கான்கார்ட் என்ற கேம் 40 டாலர் விலையில் 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்தது. ஆட ஆளில்லாமல் செப்டம்பர் 6 அன்று மூடிவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். யூபிசாஃப்டின் தி க்ரூ 2014-இல் வந்த கார் கேம். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். தனியாக ஓட்டவும் அந்த சர்வர் வேண்டும் என்பதால் வாங்கி வைத்திருந்தவர்களுக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை. நாங்கள் ஆடிய 1.6-ஐ இன்றைக்கும் இரண்டு பழைய கம்ப்யூட்டரை ஒயரில் இணைத்தால் ஆடலாம். பிளேஸ்டேஷன்காரர்களுக்கு இன்னும் கொடுமை, காசு கொடுத்து வாங்கிய கேமை ஆன்லைனில் ஆட அதற்கு மேல் ஒரு சந்தா.

(ரம்மி மாதிரி காசு வைத்து ஆடுவதை இதில் சேர்க்கவில்லை. அதற்கு 2025-இல் மத்திய அரசே தடைச் சட்டம் போட்டுவிட்டது.)

சரி, இலவச கேம்? அங்கேதான் என் குடும்பத்துக் கதை வருகிறது. பெருந்துறையில் அக்கா இரண்டு மாடு வைத்திருக்கிறது. சொசைட்டி பால் காசு பேங்கில் விழும். போன வருசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது, "கணக்கு ஒட்டவே மாட்டேங்குது, இதக் கொஞ்சம் பாரு சாமி" என்று போனை நீட்டியது. யூபிஐ பட்டியலில் 89, 159, 89, 449 என்று பொடிப்பொடியாகப் போயிருந்தது. நாலு மாதத்துக்குக் கூட்டினால் 6,840 ரூபாய். ஒன்பதாவது படிக்கும் மாப்பிள்ளை தென்னை மரத்தடியில் போய் நின்றுகொண்டான்.

"எதுக்குடா கண்ணு?"

"ட்ரெஸ்ஸுங்க மாமா. அது இனிமே வராதுங்க. எங்க ஸ்குவாடுல எல்லாரும் வெச்சிருக்காங்க."

கேமில் வரும் ஆளுக்கு மாட்ட ஒரு ஜாக்கெட் 1,200 ரூபாயாம். தைக்காத, துவைக்காத, யாரும் போட முடியாத ஜாக்கெட். எங்கள் கம்பெனியில் பீஸுக்குப் பத்து ரூபாய் லாபம் நின்றாலே முதலாளி சிவன்மலைக்குப் போய்த் தேங்காய் உடைப்பார். அவனை உட்கார வைத்து கேமுக்குள் இருக்கும் அந்தக் கடையைப் பார்த்தேன். நேரடியாக ரூபாயில் எதுவும் இல்லை, ரூபாய் கொடுத்து முதலில் கேமுக்குள் செல்லும் காசை வாங்க வேண்டும். 60 காசாக வாங்கினால் பொருள் 75 இருக்கும். இன்னொரு 60 வாங்கினால் 45 மிஞ்சும். அந்த 45-க்கு ஒன்றும் வராது, சில்லறைக்குப் பதில் மளிகைக்கடையில் தரும் சாக்லேட் மாதிரி. அப்புறம் குலுக்கல் பெட்டி வேறு, காசு கொடுத்துத் திறந்தால்தான் உள்ளே என்ன என்று தெரியும். பெல்ஜியத்தில் 2018-லேயே அதைச் சூதாட்டம் என்று சொல்லிவிட்டார்கள்.

2021-இல் பப்ஜியின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ வந்தபோது, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஒரு நாளைக்கு 7,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்க முடியாது என்று கட்டுப்பாடு அறிவித்தார்கள். கட்டுப்பாடாம்! எங்கள் செக்கிங் அக்காக்கள் இரண்டு வாரம் நின்றுகொண்டே வேலை பார்த்தாலும் அவ்வளவு கைக்கு வருமா என்பது சந்தேகம்.

நீங்கள் புதிதாக வாங்குவதாக இருந்தால், ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். அதற்குள் கூட்டாளிகளை உள்ளே இழுத்துப் பாருங்கள். எவனும் வரவில்லையா, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எங்கள் நாலு பேரில் ஒருவன் துபாய், இன்னொருவனுக்குக் கைக்குழந்தை. சனிக்கிழமை ராத்திரி ஆட ஆள் குறைந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு என் பழைய லேப்டாப்பைக் கொடுத்து, தள்ளுபடி வரும்வரை காத்திருந்து இன்னொரு காப்பி வாங்கிப் போட்டேன். மூன்றாவது வாரமே என் கோட்டையை இடித்துவிட்டான். இடித்து முடித்ததும் கேட்டான்:

"ஏனுங் மாமா, இதுல நம்ம ஆளுங்களுக்கு ட்ரெஸ் மாத்த முடியாதுங்களா?"