பிராக்ஸித் தாள்

அன்புள்ள சார்,

மும்பையில் தமிழர்கள் நடத்தும் பழைய உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பதினெட்டு வருடமாகக் கணக்கு எடுக்கிறேன். இந்த ஜூனில் என்னை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். சீனியாரிட்டியில் எனக்கு மேலே இரண்டு பேர் இருந்தார்கள். இருவரும் பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது நான் எதைச் சொன்னாலும் முதலில் மறுப்பவர்கள் அவர்கள்தான்.

நிர்வாகத்துக்கு எல்லாம் இந்த ஒரே வருடத்தில் மாறிவிட வேண்டும். டைரிக்குப் பதில் ஆப், பிள்ளைகளின் மனக்கஷ்டம் கேட்க வாரம் ஒரு நாள் கவுன்சலர், பத்தாம் வகுப்புக்கு வழிகாட்டு முகாம். கவுன்சலர் வந்து உட்கார்ந்திருக்கிறார், ஒரு பிள்ளையும் அவரிடம் போவதில்லை. ஸ்டாஃப் மீட்டிங்கில் நான் பேசி முடித்தால், "இந்த மாதிரி எத்தனை பேரைப் பார்த்தாச்சு" என்று பின் வரிசையில் ஒரு குரல். நானும் போன வருடம் வரை அந்தப் பின் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு சின்னக் கேள்வியும் உண்டு, சிரிக்காதீர்கள். எனக்குத் தனி கேபின் கொடுத்திருக்கிறார்கள். அங்கே உட்காரட்டுமா, ஸ்டாஃப் ரூமிலேயே இருக்கட்டுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சிரிக்கவில்லை. உங்கள் கடிதத்திலேயே முக்கியமான கேள்வி அதுதான், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் எழுதிக் கொடுத்த அந்த இருவர். பதவி வேண்டாம் என்பவருக்கு மரியாதையும் வேண்டாம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கல்யாண வீட்டில் "எனக்குச் சாப்பாடு வேண்டாம்" என்று சொன்ன பெரியவரை யாரும் இரண்டாவது முறை கூப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அவர்கள் வேண்டாம் என்றது சூப்பர்வைசர் வேலையை. அதில் கூடுதல் பணம் கொஞ்சம், கெட்ட பெயர் நிறைய. அந்தக் கெட்ட பெயர் முக்கால்வாசி எங்கிருந்து வருகிறது என்றால், பிராக்ஸித் தாளிலிருந்து.

பள்ளிக்கூட வாசனை இல்லாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு டீச்சர் லீவு போட்டால், அன்றைக்கு எந்தெந்த பீரியடில் யார் சும்மா இருக்கிறார்களோ அவர்களுக்கு அந்த வகுப்புகளைப் பங்கு போட்டு எழுதுவது பிராக்ஸி. எழுதுவது சூப்பர்வைசர். காலை ஷிஃப்டில் பிரார்த்தனை முடிவதற்குள் சிபாயி, அதாவது பியூன், அந்தத் தாளோடு ஒவ்வொருவரிடமும் வந்து நிற்பார். கையெழுத்துப் போடும்போது பேனா காகிதத்தைக் கிழிக்கும். யாருக்கு வாரம் நான்கு பிராக்ஸி, யாருக்கு ஒன்றுகூட இல்லை என்ற கணக்கு ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் மனப்பாடம். நீங்கள் மீட்டிங்கில் மாற்றத்தைப் பற்றி என்ன பேசினாலும், கேட்பவர்கள் அந்தத் தாளை வைத்துத்தான் உங்களை எடை போடுவார்கள்.

எனக்கு அந்தத் தாளோடு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் முதல் பீரியடிலேயே தூங்குவான். திட்டியிருக்கிறேன், வெளியே நிற்க வைத்திருக்கிறேன். எங்கள் சிபாயிதான் ஒருநாள் சொன்னார்: "சார், அவன் தாராவிப் பையன். மூணு மணிக்கு எழுந்து இட்லி ஊத்தி, அப்பாவோட சைக்கிள்ல அடுக்கி விட்டுட்டு வர்றான்." அவன் கையைப் பிறகுதான் பார்த்தேன். விரல் நுனிகள் ஆவியில் வெந்து வெளுத்திருந்தன. மறுநாள் நான்காவது பீரியட் எனக்கு ஓய்வு, லைப்ரரிக்கு வா, பேசலாம் என்றேன். சரி சார் என்றான். மறுநாள் காலை தாள் வந்தது. நான்காவது பீரியட், ஏழாம் வகுப்பு பி, என் பெயர். போனேன். அவன் லைப்ரரி வாசலில் நின்றுவிட்டுப் போனதாக அப்புறம் கேள்விப்பட்டேன். தீபாவளி லீவுக்குப் பிறகு அவன் பள்ளிக்கு வரவில்லை. அந்த ஒரு பிராக்ஸியால்தான் நின்றான் என்று சொல்ல மாட்டேன், வீட்டுக் கஷ்டம் அவ்வளவு. ஆனால் அவன் கேட்க நினைத்தது என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான். ஒவ்வொரு வகுப்பாசிரியருக்கும் வாரத்தில் ஒரே ஒரு ஓய்வு பீரியடைச் சிவப்பு மையில் வட்டம் போடுங்கள். யார் லீவானாலும் அதில் பிராக்ஸி கிடையாது. அந்த நேரத்தில் அவர் தன் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரோடு பேசட்டும். பேசாமல் டீ குடித்தாலும் முதல் மாதம் கண்டுகொள்ளாதீர்கள். அதனால் விழும் கூடுதல் பிராக்ஸியில் முதல் பங்கை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், பின் வரிசைக் குரல் தானாகக் குறையும். நிர்வாகத்திடம் வாதாட வேண்டியதும் இதற்காகத்தான். ஆப் வரட்டும், ஆனால் வந்தால் டைரி போக வேண்டும். ஆப்பிலும் ஏற்று, டைரியிலும் எழுது என்றால் உங்கள் சிவப்பு வட்டத்தை அதுவே தின்றுவிடும்.

கவுன்சலர் விஷயம். இது ஏதோ புது நாகரிகம் என்று சீனியர்கள் சொன்னால், நம்ம ஊர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார் பெயரைச் சொல்லுங்கள். 1952-ல் அவர் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்வி ஆணையமே பள்ளிகளில் வழிகாட்டும் ஆசிரியர்கள் வேண்டும் என்று எழுதிவிட்டது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று சொன்னது. இடையில் எழுபது வருடம்.

ஆனால் தீர்ப்பைக் காட்டினால் பிள்ளைகள் வர மாட்டார்கள். அவரை எங்கே உட்கார வைத்திருக்கிறீர்கள்? எங்கள் பள்ளியில் ஹெட்மாஸ்டர் அறைக்கு நேர் எதிரே, பெயர்ப் பலகையோடு வைத்தார்கள். அங்கே நுழைந்த பிள்ளையின் பெயர் இன்டர்வெலுக்குள் மூன்று மாடிக்கும் தெரிந்துவிடும். பெண் பிள்ளைகள் உண்மையில் தேடிப் போனது தையல் டீச்சரை. அந்த அறை மாடிக் கோடியில், போவதற்குக் கையில் ஒரு துணி இருந்தால் போதும். கவுன்சலரின் மேசையைத் தையல் அறைக்குப் பக்கத்து ஸ்டாக் ரூமுக்கு மாற்றிய பிறகுதான் ஆள் வர ஆரம்பித்தது, அதுவும் தையல் டீச்சர் "போய்ப் பாரேன்" என்று சொல்லி. உங்கள் பள்ளியிலும் அப்படி ஒருவர் இருப்பார். அந்த எழுதிக் கொடுத்த இருவரில் ஒருவராகவே இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். அவரிடம் போய்க் கேளுங்கள், மீட்டிங்கில் அல்ல, தனியாக.

கூடவே நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண் தன் வீட்டு விஷயம் ஒன்றை என்னிடம் சொன்னாள். நல்ல எண்ணத்தில்தான் ஸ்டாஃப் ரூமில் வாய்விட்டேன். மூன்றாவது நாள் அவளுடைய அம்மாவுக்கு அது போய்ச் சேர்ந்தது. அதன்பிறகு அவள் என் வகுப்பில் தலை நிமிரவே இல்லை. பிள்ளை சொன்னதை ஸ்டாஃப் ரூமில் சொல்லக்கூடாது என்ற ஒரு விதியை மட்டும் கறாராக வையுங்கள். உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் உரியவரிடம் உடனே போக வேண்டும், அது வேறு. கவுன்சலர் இல்லாத நாட்களுக்கு அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ நோட்டீஸ் போர்டில் எழுதிப் போடுங்கள். இலவசம், தமிழிலும் பேசலாம்.

வழிகாட்டு முகாமைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. 2016-ல் மாநில அரசு பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் 'கல் சாச்சணி' என்று ஒரு நாட்டத் தேர்வு வைத்தது. மராத்தியில் கல் என்றால் மனம் சாயும் பக்கம். பெற்றோர் வரும் ஓபன் ஹவுஸில் ஒரு அம்மா, "என்ன கல்லு சார், ராசிக் கல்லா?" என்று கேட்டார். பாதி வீடுகளில் விஷயம் அந்த அளவில்தான் போய்ச் சேர்ந்தது. உங்கள் பிள்ளைகளுக்கு வேண்டியது பதினொன்றாம் வகுப்பு ஆன்லைன் அட்மிஷன் படிவத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பித் தர ஒரு ஆள். எந்த ஜூனியர் கல்லூரிக்கு (இங்கே பதினொன்றாம் வகுப்பு அங்கேதான்) ரயில் மாறாமல் போகலாம், ஐடிஐ-க்கு எப்போது விண்ணப்பம், எந்தச் சான்றிதழுக்கு எத்தனை நாள் ஆகும் என்று சொல்ல ஒரு ஆள். உங்கள் பள்ளியில் படித்து இப்போது டிப்ளமோ படிக்கும் பையன் ஒருவனைக் கூப்பிட்டால் போதும்.

சரி, கேபின். காலையில் ஸ்டாஃப் ரூமிலேயே உட்காருங்கள். பிராக்ஸித் தாளை எல்லோர் கண்ணெதிரே, பழைய கணக்கு நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்து எழுதுங்கள். யாராவது குறை சொன்னால் அங்கேயே அடித்து மாற்றுங்கள். கேபின் ஹெட்மாஸ்டர் அறையிலிருந்து தள்ளி இருந்தால் கவுன்சலருக்குக் கொடுத்துவிடலாம். பெயர்ப் பலகையை மட்டும் கழற்றிவிடுங்கள்.