தாய்லாந்து மொழி பேச: ஆங்கில எழுத்தைக் கீழே வையுங்கள்

பாங்காக்கில் தமிழர்களுக்குத் தாய்லாந்து மொழி கற்பிக்கும் ஆசிரியர், அங்கே வேலைக்கும் படிப்புக்கும் வந்திருப்பவர்களின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

ஆங்கில எழுத்தில் அச்சிட்ட கையேட்டைப் பார்த்துத்தான் பேசுகிறேன். பப்பாளிக்காய் சாலட் கேட்டால்கூட கடைக்காரருக்குப் புரிவதில்லையே, ஏன்?
— ரத்தினக்கல் வியாபாரி, சிலோம், பாங்காக்

அந்தக் கையேடு தமிழ் நாக்கை நினைத்து எழுதப்பட்டதல்ல. வெறும் 'டி' (t) எழுத்தைக் கண்டால் நாம் 'ட' என்போம். 'டிஎச்' (th) என்றால் 'த' என்போம். அங்கே கணக்கு வேறு. வெறும் 'டி' என்பதுதான் நம் 'த'. 'டிஎச்' என்பது அதே 'த'வை மூச்சைத் தள்ளிச் சொல்வது. உரலில் இடித்துச் செய்யும் 'சோம் தம்' சாலட்டில் வருவது நம்முடைய சாதாரண 'தம்'. இடிப்பது என்று பொருள். மூச்சைத் தள்ளினால் அதுவே 'செய்' என்றாகிவிடும். நீங்கள் 'டம்' என்று கேட்டிருப்பீர்கள். நாக்கை மடித்துச் சொல்லும் 'ட' அந்த மொழியிலேயே கிடையாது.

'பிஎச்' என்பதையும் 'ஃப' என்று வாசிக்காதீர்கள். புக்கெட் தீவின் முதல் எழுத்து மூச்சுடன் வரும் 'ப'தான். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்துப் பழகுங்கள்: ஒன்றில் காற்று படவேண்டும், மற்றதில் படக்கூடாது. போதாக்குறைக்கு, அரசு வகுத்த ஒலிபெயர்ப்பு முறையில் குறில் நெடில் வேறுபாடும் இல்லை, குரலின் ஏற்ற இறக்கமான தொனிக்குக் குறியும் இல்லை. உயிரான இரண்டையும் விட்டுவிட்ட எழுத்தை நம்பி எப்படிப் பேச முடியும்?

ஐந்து தொனிகளும் மனப்பாடம். பேசும்போது மட்டும் எல்லாம் கலைந்துவிடுகின்றன.
— மென்பொருள் பொறியாளர், பாங்காக்

நடு, தாழ், இறங்கு, உயர், ஏறு என்று பட்டியலாகப் படித்தால் கலையத்தான் செய்யும். தொனி சொல்லின் மேல் பூசும் வண்ணமல்ல, மெய்யும் உயிரும் போல அதுவும் சொல்லின் உறுப்பு. 'க்லை' என்று நடுத் தொனியில் சொன்னால் 'தூரம்'. இறங்கு தொனியில் சொன்னால் 'அருகில்'. வழி கேட்கிறவருக்கு இதைவிடச் சோதனை வேண்டுமா? 'சூஅய்' ஏறினால் 'அழகு', நடுவில் நின்றால் 'துரதிர்ஷ்டம்'. இப்படி இரண்டிரண்டு சொற்களாக ஒருவரைச் சொல்லவைத்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். எது எது என்று காதால் பிரிக்கத் தெரிந்த பிறகு வாயைத் திறங்கள்.

கலைவதற்குப் பெரும்பாலும் இன்னொரு காரணம் உண்டு. கேள்வி கேட்கும்போது வாக்கியக் கடைசியில் குரலை உயர்த்துகிறோம். அங்கே நிற்கும் சொல்லின் தொனி அழிந்துபோகிறது. தாய்லாந்துக்காரர்கள் கேள்விக்குக் கடைசியில் 'மை' என்று ஒரு சொல்லைச் சேர்க்கிறார்கள். நாம் 'வருகிறாயா' என்று 'ஆ' சேர்க்கிறோமே, அதே வேலை. அந்தச் சொல்லே கேட்டுவிடும், நீங்கள் குரலை உயர்த்த வேண்டாம்.

தமிழ் தெரிந்ததால் ஏதாவது நன்மை உண்டா?
— முதுநிலை மாணவி, பாங்காக்

நிறைய உண்டு. நம்மவர்கள் இதை உணராமல் தயங்குவதுதான் எனக்கு வருத்தம். படு, பாடு என்று குறில் நெடில் பிரித்தே வளர்ந்தவர்கள் நாம். ஐரோப்பியர்கள் தவிக்கும் 'ங' ஒலியும் நமக்குத் தெரிந்ததே. சொல்லின் முதலில் வைத்துச் சொல்லிப் பழகினால் போதும், 'ஙூ' என்றால் பாம்பு. இதழ் குவியாத உகரம் வேறு அங்கே இருக்கிறது. 'பாட்டு', 'காடு' என்று சொல்லும்போது கடைசியில் வரும் நம் குற்றியலுகரம்தான் அது. அதை நீட்டி, முன்னால் 'ம்' சேர்த்தால் 'கை' என்று பொருள். இதழைக் குவித்து ஏறு தொனியில் 'மூ' என்றால் பன்றி.

அதே உகரம் கெடுக்கவும் செய்யும். நாம் 'பஸ்' என்பதை 'பஸ்ஸு' என்போம். தாய்லாந்து மொழியில் ப், த், க் ஆகியவற்றில் முடியும் சொற்களை வாய்க்குள்ளேயே அடைத்து நிறுத்த வேண்டும். ஆண்கள் பணிவுக்குச் சொல்லும் 'க்ரப்'பில் இதழ் மூடியதோடு சரி.

எழுத்தையும் கற்க வேண்டுமா? 44 மெய்யெழுத்து என்றதும் மலைப்பாக இருக்கிறது.
— சமையல் கலைஞர், புக்கெட்

கற்க வேண்டும், முதல் மாதத்திலேயே. 44இல் இரண்டு வழக்கொழிந்தவை. மீதியின் வரிசையைப் பாருங்கள்: க-வில் தொடங்கி ங, ச, ஞ என்று போகிறது. 'கெ', 'கை' எழுதும்போது நாம் உயிர்க்குறியை முன்னால் போடுவதுபோல அவர்களும் சில குறிகளை முன்னால் போடுகிறார்கள். பல்லவர் எழுத்திலிருந்து கெமர் எழுத்து, அதிலிருந்து தாய்லாந்து எழுத்து என்று வந்த உறவு இது. எந்த மெய், எந்த உயிர், எந்தக் குறி என்பதை வைத்துத் தொனியைக் கணக்கிட்டுவிடலாம். ஆங்கில எழுத்து இதைத் தராது.

இன்னொரு லாபமும் உண்டு. 'ஆகாரம்' அங்கே 'ஆஹான்', 'ஆகாசம்' 'ஆகாத்', 'மனுஷ்ய' 'மனுத்'. சொல் இறுதியில் ர, ல வந்தால் 'ன்', ச, ஷ வந்தால் 'த்' என்று ஒலிக்கும். காதுக்கு அந்நியமாகப் படும் சொல், எழுத்தில் பார்த்ததும் தெரிந்த சொல்லாகிவிடும்.

நான்கு வயது மகன் பள்ளியிலிருந்து வந்து 'கா' 'கா' என்கிறான். திருத்தலாமா?
— இல்லத்தரசி, பாங்காக்

ஆசிரியைகள் பேசுவதைப் பிடித்திருக்கிறான். 'கா' பெண்களுக்கு, 'க்ரப்' ஆண்களுக்கு. அவனிடம் அப்பா 'க்ரப்' சொல்லிப் பேசட்டும், மாறிவிடுவான். உங்களுக்கு ஒன்று: சொல்லும்போது 'கா'வை இறக்குங்கள், கேட்கும்போது குறுக்கி உயர்த்துங்கள்.

கடைக்காரரை 'பீ' என்று மூச்சுடன் அழையுங்கள். அண்ணனுக்கும் அக்காவுக்கும் அதுவே. இளையவர் 'நோங்'. 'அக்கா சொல்கிறேன், கேள்' என்று நாம் பேசுவதுபோல 'நான்' என்பதற்குப் பதிலாகவும் 'பீ' வரும்.

இரண்டு மணிக்கு வரச்சொன்னார்கள் என்று போனேன், யாருமே இல்லை.
— விற்பனைப் பிரதிநிதி, பாங்காக்

'சோங்' என்றால் இரண்டு. 'பாய் சோங்' பிற்பகல் 2 மணி. 'தீ சோங்' அதிகாலை 2 மணி. 'சோங் தும்' என்றால் இரவு 8 மணி, ஏனென்றால் 'தும்' மாலை ஆறிலிருந்து எண்ணப்படுகிறது. எண்ணோடு ஒட்டிய சொல்லைக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் கடிகாரத்தைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.