மருத்துவமனைக் கழிவும் மகனின் மேற்படிப்பும்

அன்புள்ள அம்மையாருக்கு,

சிங்கப்பூரில் உயர்நிலை நான்கில் பயிலும் தங்கள் மகன், மருத்துவமனைக் கழிவைக் கண்காணிக்கும் உணர்கருவிகளில் ஆர்வங்கொண்டு பலதுறைத் தொழிற்கல்லூரியில் (பாலிடெக்னிக்) பொறியியல் படிக்க விரும்புவதாகவும், "படித்துவிட்டுக் குப்பையைப் பார்க்கவா போகிறான்?" என்று உறவினர்கள் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். என் கவலை வேறொன்றைப் பற்றியது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, மருத்துவமனைக் கழிவில் ஏறத்தாழ 85 விழுக்காடு வீட்டுக் குப்பையைப் போன்ற சாதாரணக் கழிவே. எஞ்சிய 15 விழுக்காட்டில்தான் தொற்று, நச்சு, கதிரியக்கம் போன்ற ஆபத்துகள் உள்ளன. சிங்கப்பூரில் தொற்றுக் கழிவு மஞ்சள் பையில் கட்டப்பட்டு, உரிமம் பெற்ற நிறுவனங்களால் எடுத்துச் செல்லப்பட்டு எரிக்கப்படுகிறது. இதற்கான செலவு சாதாரணக் குப்பைக்கு ஆவதைவிட மிக அதிகம். ஆகவே கையுறைப் பெட்டியும் காகிதத் துண்டும் மஞ்சள் பையில் விழும்போதெல்லாம் மருத்துவமனையின் பணம் வீணாகிறது. பையில் ஒட்டிய பார்கோடும் இணைய இணைப்புள்ள தராசும் வார்டுவாரியாக எடையைப் பதிவுசெய்துவந்தால், ஒரே மாதிரியான இரண்டு வார்டுகளில் ஒன்றில் மட்டும் எடை கூடுவது சில வாரங்களில் புலப்பட்டுவிடும். தங்கள் மகனை ஈர்த்திருப்பது இந்தக் கணக்கு. (குப்பை அள்ளுவதையும் இழிவாக நினைக்க ஒன்றுமில்லை என்பதை உறவினர்களிடம் சொல்லலாம்.)

என் கவலைக்கு வருகிறேன். இந்த ஒரு பணிக்கென்றே ஆள் தேடும் விளம்பரங்கள் அரிது. மருத்துவமனையின் வளாகப் பராமரிப்புப் பிரிவிலோ, கழிவு சேகரிக்கும் நிறுவனத்திலோ, கட்டடங்களுக்குக் கண்காணிப்புச் சாதனங்களை அமைத்துத் தரும் நிறுவனத்திலோ இது பல பொறுப்புகளுள் ஒன்றாகவே இருக்கும். எனவே மின்னணுவியல், கணினிப் பொறியியல், உயிர்மருத்துவப் பொறியியல் போன்ற அகன்ற பட்டயப் படிப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கழிவுக் கண்காணிப்பை இறுதியாண்டுச் செயல்திட்டமாக வைத்துக்கொள்வதே உசிதம். மதிப்பெண் போதாமற்போனால், தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் பயின்று அங்கிருந்து தொழிற்கல்லூரிக்குச் செல்லும் வழியும் உண்டு.

கருவியைப் பொருத்துவது எளிது. அது சொல்வதை நம்பலாமா என்பதில்தான் பொறியாளரின் திறமை தெரியும். தொட்டியின் மூடியிலுள்ள மீயொலி உணர்கருவி நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்ப ஆகும் நேரத்தைக்கொண்டு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று கணிக்கிறது. பையின் வாய் உள்நோக்கி மடிந்திருந்தாலோ, மடிப்பில் பட்ட ஒலி விரைந்து திரும்பி, பாதி காலியான தொட்டியையும் நிரம்பியதாகக் காட்டிவிடும். அடித்தளக் கான்கிரீட் சுவர்களும் எஃகுக் கலன்களும் உணர்கருவி கம்பியில்லாமல் அனுப்பும் சமிக்ஞையை மங்கச் செய்யும். ஊசிகளைப் போடும் பெட்டி முக்கால் பங்கு நிரம்பியதும் மூடப்பட வேண்டும், இல்லையேல் கை வைப்பவரை ஊசி குத்தக்கூடும். ஆனால் பெட்டி நிரம்பிவிட்டதாக உணர்கருவியிடமிருந்து பொய்யான எச்சரிக்கை அடிக்கடி வந்தால், உண்மையான எச்சரிக்கையையும் தாதியர் பொருட்படுத்தமாட்டார்கள். இவற்றையெல்லாம் தள்ளுவண்டியோடு நடக்கும் துப்புரவாளரிடம் கேட்டறியும் பணிவும் பொறியாளருக்கு வேண்டும்.

பள்ளி விடுமுறையில், மலிவான மீயொலி உணர்கருவி ஒன்றை வாங்கி வீட்டுக் குப்பைத்தொட்டியில் பொருத்தி, அதன் அளவீடு எப்போதெல்லாம் தவறுகிறது, ஏன் தவறுகிறது என்று இரண்டு வாரம் அவரைக் குறிப்பெழுதச் சொல்லுங்கள். பிழைக்கான காரணத்தைத் தேடுவதில் அவர் நேரம் போவது தெரியாமல் மூழ்கினால், பொறியியலில் தயங்காமல் சேர்க்கலாம்; கைப்பேசித் திரையில் தோன்றும் வரைபடத்தை அழகாக்குவதே அவருக்குப் பிடித்திருந்தால், மென்பொருள் வடிவமைப்புப் படிப்புகளையும் சேர்த்துப் பரிசீலியுங்கள். பொறியியலே என்று முடிவானால், உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வு முடிவுக்கு முன்பே நடைபெறும் தொழிற்கல்லூரிகளின் முன்கூட்டிய சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும்போது, அந்தக் குறிப்பேட்டிலிருந்து ஒரு பிழையையும் அதைச் சரிசெய்த விதத்தையும் கட்டுரையில் விளக்கட்டும். அவ்வழியில் கிடைக்கும் இடம் நிபந்தனைக்கு உட்பட்டது. குறைந்தபட்சத் தகுதி மதிப்பெண்ணைத் தேர்வில் அவர் பெற்றே ஆகவேண்டும்.