ஹாட்ரிக்கில் இளம் வீரர்களுக்குத் திறன் ஏன் ஏறவில்லை?

ஹாட்ரிக் என்ற இணையக் கால்பந்து மேலாண்மை விளையாட்டில் 17 வயதுப் பையன்கள் ஆறு பேரை வாங்கிப் பிளேமேக்கிங் (ஆட்டத்தைக் கட்டமைக்கும் திறன்) பயிற்சி வைத்தும், பாதிப் பேருக்குத் திறன் ஏறவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் ஆட்டத்தில் எந்த இடத்தில் நின்றார்கள் என்று முதலில் பாருங்கள். நடுக்களத்தில் ஆடினால் முழுப் பலன், விங்கராக, அதாவது ஓரத்தில் ஆடினால் பாதிதான்.

அப்புறம், ஒருவருக்கு வாரத்தில் 90 நிமிடம்தான் கணக்கில் சேரும். அதனால் ஒரே மூவரை இரண்டு ஆட்டத்திலும் இறக்குவது வீண். லீக் ஆட்டத்தில் மூன்று பேர், வார நடுவில் வரும் கோப்பை அல்லது நட்பு ஆட்டத்தில் மற்ற மூன்று பேர் என்று பிரித்துவிடுங்கள்.

கோப்பையிலிருந்து வெளியேறியதும் பலர் கோட்டை விடுவது இங்கேதான்: வார நடுவில் ஆட்டம் வேண்டுமானால் நட்பு ஆட்டத்தை நாமே ஏற்பாடு செய்ய வேண்டும். கொழிஞ்சாம்பாறையில் என் அண்ணன் மகன் நட்பு ஆட்டம் ஏற்பாடு செய்ய மறந்து, மூன்று பையன்களுக்கும் அந்த வாரப் பயிற்சியே போனது. எங்கள் பாலக்காட்டுப் பக்கம் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்தில் கோட்டுக்கு வெளியே நிற்கிற பையன் மாதிரிதான், இறங்கினால்தானே கால் பழகும்!

ஹாட்ரிக்கில் ஒரு வயது என்பது 112 நாள், அதாவது 16 வாரம். வயது கூடக் கூடத் திறன் ஏறுவது மெதுவாகும். அதனால் வாங்கும்போது வயதோடு எத்தனை நாள் ஆனது என்பதையும் பாருங்கள். 17 வயது 100 நாள் ஆனவனுக்கு இரண்டே வாரத்தில் 18 ஆகிவிடும். திறன் ஒரே அளவாக இருந்தால் 17 வயது 5 நாள் ஆனவனுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம்.