வாசகர் கேள்வி – பதில்: எல்லையோரக் கல்லூரி மாணவர்களும் சுற்றுச்சூழல் துறை வாய்ப்புகளும்

கல்லூரி மாணவர்கள் சுற்றுச்சூழல் படிப்பு குறித்துக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களிலிருந்தும் ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களிலிருந்தும் தமிழ் மாணவர்கள் எழுதியவை. அவற்றுள் ஐந்துக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: பி.ஏ. தமிழ் இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பறவைக் கணக்கெடுப்பு, இயற்கை முகாம் என்று அறிவிப்பு வரும்போதெல்லாம் விலங்கியல், தாவரவியல் மாணவர்களையே அழைத்துச் செல்கிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு இதில் இடமில்லையா? – ஒரு மாணவி, கொழிஞ்சாம்பாறை

தாராளமாக உண்டு. எந்த இளநிலைப் படிப்பானாலும் அதில் சுற்றுச்சூழல் கல்வி இடம்பெற வேண்டும் என்ற ஏற்பாடு, சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவில் தொடங்கி, பின்னர் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த பொதுப் பாடத்திட்டத்தின் வழியே நடைமுறைக்கு வந்தது. ஆகவே, உங்கள் துறைத் தலைவர் மூலம் எழுத்தில் கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கணக்கெடுப்புக்கோ யாருடைய அழைப்பும் தேவையில்லை. ஆண்டுதோறும் பிப்ரவரியில் நான்கு நாட்கள் உலகெங்கும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பின் ஓர் அங்கமாக, இந்தியக் கல்லூரி வளாகங்களில் வளாகப் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்றோ நடந்தோ, கண்ணில் பட்ட, காதில் கேட்ட பறவைகள் அனைத்தையும் எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் இணையதளத்தில் பதிய வேண்டும். காக்கை, மைனா உட்பட எதையும் விட்டுவிடக் கூடாது. அரிய பறவையை மட்டும் எழுதிய பட்டியலால் ஆய்வாளருக்குப் பயன் இல்லை. தமிழ்நாட்டில் பொங்கலையொட்டியும் கேரளத்தில் ஓணத்தையொட்டியும் இதே முறையில் கணக்கெடுப்புகள் நடக்கின்றன. எல்லையில் இருக்கும் உங்களுக்கு இரண்டும் எட்டும் தூரத்தில்தான். 2015 முதல் 2020 வரை நடந்த கேரளப் பறவை வரைபடப் பணி, 361 இனங்களைப் பற்றி மூன்று லட்சம் அளவுக்குப் பதிவுகளைத் திரட்டியது. அந்தப் பெரும்பணியைச் சுமந்தவர்கள் பல துறைகளைச் சேர்ந்த தன்னார்வலர்களே.

இலக்கிய மாணவர்களால்தான் செம்மையாகச் செய்ய முடியும் என்று நான் கருதும் ஒரு பணியும் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பன்மைச் சட்டப்படி, ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைந்து, அவ்வூரின் தாவரங்கள், விலங்குகள், பயிர் வகைகள், அவற்றைப் பற்றிய மக்கள் அறிவு ஆகியவற்றை மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். வடகரப்பதி, எருத்தேம்பதி, பெருமாட்டி போன்ற ஊராட்சிகளில் முதியவர்கள் ஒரு செடியின் பெயரையும் அதன் பயனையும் தமிழில்தான் சொல்வார்கள். பொறுமையாக உட்கார்ந்து அவர்கள் சொல்லும்படியே எழுதி, பிறகு ஒரு தாவரவியல் மாணவரை அழைத்து அறிவியல் பெயரைச் சரிபார்த்து, மலையாளப் பெயரையும் சேர்த்துக் குழுவிடம் கொடுக்க முடிந்தால், அது பட்டப்படிப்பின் ஆய்வேட்டுக்கும் போதுமான பணியாகும். ஊராட்சிச் செயலாளரைப் பார்த்து, பதிவேடு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்பதிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: பி.எஸ்ஸி. வேதியியல் மூன்றாம் ஆண்டு மாணவன் நான். கருத்தரங்கு, மரம் நடுவிழா, வினாடி வினா என்று கலந்துகொண்டு நிறையச் சான்றிதழ்கள் சேர்த்திருக்கிறேன். ஆனால் ஓர் ஆய்வு நிறுவனத்தில் பயிற்சிக்கு விண்ணப்பித்தபோது, "நீங்களாகச் செய்த களப்பணி என்ன?" என்று கேட்டார்கள், என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இனி என்ன செய்யலாம்? – ஒரு மாணவர், சித்தூர், பாலக்காடு மாவட்டம்

அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. நீங்கள் ஒரு கூட்டத்திற்கு வந்தீர்கள் என்பதற்கு மேல் சான்றிதழ் எதையும் சொல்வதில்லை. ஒரே இடத்தில், ஒரே முறையில், தேதியிட்டு, விடாமல் எடுத்த அளவீடு ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய இருந்தால், எந்த ஆய்வாளரும் அதை வாங்கிப் புரட்டிப் பார்ப்பார். அதற்கு உங்கள் ஊரைவிடப் பொருத்தமான இடம் கேரளத்தில் அதிகம் இல்லை.

சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி மழை குறைந்த நிலம். ஆழியாறும் பாலாறும் சேர்ந்து எல்லை தாண்டிச் சித்தூர்ப் புழையாக வரும் நீரே உங்கள் வயல்களுக்கும் தோப்புகளுக்கும் ஆதாரம். 1970-ஆம் ஆண்டின் பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தப்படி, ஜூலை முதல் தேதி தொடங்கும் ஒவ்வோர் ஆண்டும் எல்லையிலுள்ள மணக்கடவு அணைக்கட்டில் 7.25 டி.எம்.சி. நீர் கேரளத்துக்குக் கிடைக்க வேண்டும். வாய்க்காலில் நீர் வராத நாட்களில் அனைவரும் கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும்தான் நம்புகிறார்கள். நிலத்தடி நீர் அளவுக்கு மீறி எடுக்கப்படும் வட்டாரமாகச் சித்தூர் அரசுக் கணக்கிலேயே வகைப்படுத்தப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிளாச்சிமடை உங்கள் பெருமாட்டி ஊராட்சியில்தான் இருக்கிறது. 2000-இல் அங்கே கோக்க கோலா ஆலை தொடங்கிய பின்னர், கிணற்று நீர் குடிக்கவும் சமைக்கவும் உதவாமல் போனதை முதலில் கண்டு சொன்னவர்கள் மயிலம்மாவைப் போன்ற பழங்குடிப் பெண்கள். ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004-இல் ஆலை நின்றது. நிலத்தடி நீர் பொதுச் சொத்து என்ற அடிப்படையில் 2003-இல் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2005-இல் இருவர் அமர்வோ, நிபுணர் அறிக்கையை ஏற்று, நாளொன்றுக்கு ஐந்து லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்றது. நீர்மட்டம் இறங்கியதில் மழைக் குறைவின் பங்கு எவ்வளவு, ஆலை உறிஞ்சியதன் பங்கு எவ்வளவு என்பதே அந்த வழக்கில் பெரும் விவாதமாக இருந்தது. ஆலை வருவதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்த ஊர்க் கிணறுகளின் மட்டத்தை யாராவது மாதந்தோறும் எழுதி வைத்திருந்தால், அந்தப் பெண்களின் சொல்லுக்கு எவ்வளவு வலுச் சேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே கிணறுகளை அளக்கத் தொடங்குங்கள். வாய்க்காலுக்கு அருகில் ஐந்து, தொலைவில் ஐந்து என்று பத்துத் திறந்த கிணறுகள் போதும். உரிமையாளரிடம் முதலில் அனுமதி பெறுங்கள். கிணற்றின் சுற்றுச்சுவரில் ஓரிடத்தில் பெயின்ட்டால் ஒரு குறி இட்டு, எடை கட்டிய அளவு நாடாவை ஒவ்வொரு முறையும் அந்தக் குறியிலிருந்தே இறக்குங்கள். குறியிலிருந்து நீர் வரை 8.40 மீட்டரும், தரையிலிருந்து குறி வரை சுவரின் உயரம் 0.80 மீட்டரும் இருந்தால், நீர்மட்டம் தரைக்குக் கீழே 7.60 மீட்டர். சுவர் உயரத்தைக் கழிக்க மறந்தால், ஒரு கிணற்றை இன்னொன்றோடு ஒப்பிடவே முடியாது. காலையில் மோட்டார் போடுவதற்கு முன் அளக்க வேண்டும். இரவில் மோட்டார் ஓடியிருந்தால் அதையும் பக்கத்தில் எழுத வேண்டும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளை ஆண்டுக்கு நான்கு முறை, அதாவது ஜனவரி, கோடை, ஆகஸ்ட், நவம்பர் ஆகிய காலங்களில் அளக்கிறது. நீங்கள் மாதம் ஒருமுறை அளந்தால், அந்த நான்கு அளவுகளோடும் உங்கள் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நீங்கள் வேதியியல் மாணவர் என்பதால் இன்னொன்றும் செய்யலாம். துறை ஆய்வகத்தில் கார அமிலத் தன்மை, மின்கடத்து திறன், கடினத்தன்மை ஆகிய மூன்றையும் பார்க்க வசதி இருக்கும். மூலத்தறைத் தடுப்பணையிலிருந்து வாய்க்காலில் தண்ணீர் திறந்த தேதியை விவசாயிகளிடம் கேட்டு, அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் மட்டமும் கடினத்தன்மையும் எப்படி மாறின என்று ஒரே வரைபடத்தில் குறியுங்கள். முடிவுகளை அந்தந்தக் கிணற்றுக்காரருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுப்பதைத் தவறவிடாதீர்கள். தண்ணீர் அவர்களுடையது, அதைப் பற்றிய தகவல் முதலில் அவர்களிடம் போய்ச் சேர வேண்டும்.

ஓராண்டுப் பதிவு கையில் இருந்தால், கோழிக்கோட்டிலுள்ள நீர்வள மேம்பாட்டு மேலாண்மை மையம், பாலக்காட்டை அடுத்த முண்டூரிலுள்ள ஒருங்கிணைந்த ஊரகத் தொழில்நுட்ப மையம் போன்றவற்றுக்குப் பயிற்சி கேட்டுத் துணிந்து எழுதலாம். இந்திய அறிவியல் அகாடமி உள்ளிட்ட மூன்று தேசிய அகாடமிகள் இணைந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டம், தேர்வான மாணவரை இரண்டு மாதம் ஓர் அறிவியலாளரிடம் பணியாற்ற அனுப்புகிறது. அதற்கான விண்ணப்பக் காலம் வழக்கமாக நவம்பர் மாதத்தோடு முடிந்துவிடுகிறது. கோடையில்தானே என்று இருந்தால் வாய்ப்பு போய்விடும்.

கேள்வி: முகாம்களுக்கு அனுப்ப என் பெற்றோர் தயங்குகிறார்கள். வீட்டிலிருந்தபடி ஏதாவது செய்ய முடியுமா? – ஒரு மாணவி, வேலந்தாவளம்

முடியும். சீசன்வாட்ச் என்ற திட்டத்தில், வீட்டு முற்றத்துப் பலாவையோ மாவையோ தெருவோரத்துக் கொன்றையையோ தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை தளிர், பூ, காய், கனி எந்த அளவில் இருக்கின்றன என்று பதியலாம். கொன்றை விஷுவுக்கு எத்தனை வாரம் முன்னதாகப் பூக்கிறது என்பது, தட்பவெப்ப மாற்றத்தைப் புரிந்துகொள்ள உதவும் தகவல். செப்டம்பர் மாதம் முழுவதும் நாடெங்கும் நடக்கும் வண்ணத்துப்பூச்சிப் பதிவுக்கும் தோட்டம் போதும். முகாமைப் பொறுத்தவரை, கேரள வனத்துறை கல்லூரிக் குழுக்களுக்கென நடத்தும் இயற்கைக் கல்வி முகாம்களில் ஆசிரியர்கள் உடன் வருவார்கள். அவர்களில் ஒரு பேராசிரியையை வீட்டில் வந்து பேசச் சொல்லுங்கள்.

கேள்வி: என் பெற்றோர் மூணாறில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். எனக்கு வனத்துறை அதிகாரியாக வேண்டும் என்பது ஆசை. அதற்கு பி.எஸ்ஸி. சுற்றுச்சூழல் அறிவியல் படிப்பது நல்லதா, தாவரவியல் நல்லதா? – ஒரு மாணவர், மூணாறு

இந்த ஒரு விஷயத்தில் மிகவும் கவனமாக இருங்கள். மத்தியத் தேர்வாணையம் நடத்தும் இந்திய வனப் பணித் தேர்வுக்கு, கால்நடை மருத்துவம், தாவரவியல், வேதியியல், நிலவியல் (ஜியாலஜி), கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் ஆகியவற்றுள் ஒன்றையாவது பாடமாகக் கொண்ட பட்டமோ, வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டமோ இருக்க வேண்டும். சுற்றுச்சூழல் அறிவியல் அந்தப் பட்டியலில் தனியாக இடம்பெறவில்லை. எனவே இளநிலையில் தாவரவியலோ விலங்கியலோ எடுத்துக்கொள்ளுங்கள்; சுற்றுச்சூழல் அறிவியலை முதுநிலையில் படிக்கலாம். மேட்டுப்பாளையத்திலும் திருச்சூர் வெள்ளானிக்கரையிலும் வனவியல் கல்லூரிகள் உள்ளன. முதுநிலையில் வனவிலங்கு உயிரியல் படிக்க உதகை அரசு கலைக் கல்லூரியும் மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியும் உண்டு. காசர்கோட்டிலுள்ள கேரள மத்தியப் பல்கலைக்கழகத்திலும் புதுவைப் பல்கலைக்கழகத்திலும் சுற்றுச்சூழல் சார்ந்த முதுநிலைப் படிப்புகள் இருக்கின்றன.

நீங்கள் பிறந்த இடமே பெரும் பாடசாலை. இரவிகுளத்தில் வரையாடு வாழும் சோலையும் புல்வெளியும், மறையூரைத் தாண்டினால் சின்னாற்றில் நட்சத்திர ஆமையும் சாம்பல் நிற அணிலும் வாழும் வறண்ட காடும், ஒரே நாளில் பார்த்துத் திரும்பும் தூரத்தில் உள்ளன. 2018-இல் பூத்த நீலக்குறிஞ்சி மீண்டும் பெருமளவில் 2030-இல் பூக்க வேண்டும். நீங்கள் ஆய்வு மாணவராக இருக்கக்கூடிய ஆண்டு அது. இப்போதே எந்தச் சரிவில் குறிஞ்சிப் புதர்கள் இருக்கின்றன, எங்கே தீ பட்டது, எங்கே அந்நிய மரங்கள் நெருங்குகின்றன என்று அனுமதி பெற்றுக் குறித்து வாருங்கள்.

கேள்வி: சூளூர்ப்பேட்டையில் நடக்கும் ஃபிளமிங்கோ திருவிழாவைத் தவிர எங்கள் பக்கம் மாணவர்களுக்கு நிகழ்ச்சி எதுவும் இல்லையா? – ஒரு மாணவர், தடா

திருவிழாவுக்குப் போங்கள்; ஆனால் ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் சேர்ந்துகொள்ளுங்கள். அது 1987 முதல் நடந்து வருகிறது. பழவேற்காடு ஏரி இரண்டு மாநிலங்களிலும் விரிந்து கிடப்பதால், தமிழும் தெலுங்கும் பேசும் உங்களைப் போன்றவர்கள் இரு கரை மீனவர்களிடமும் பேச முடியும்; நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயத்தின் கூழைக்கடாக்களும் பக்கத்திலேயே இருக்கின்றன.

மாணவர்கள் யாரும் நிகழ்ச்சியாகவே கருதாத ஒன்றையும் சொல்கிறேன். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெரிய தொழிற்சாலை, சுரங்கம், துறைமுகம் போன்ற திட்டங்கள் பலவற்றுக்கு மாவட்ட ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமையேற்று, மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னதாக நாளிதழில் அறிவிப்பு வரும். அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் கிடைக்க வேண்டும். கூட்டத்தின் முடிவில் பேசப்பட்டவற்றின் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் படித்துக் காட்ட வேண்டும். உங்கள் பகுதியில் இத்தகைய அறிவிப்பு வந்தால், சுருக்கத்தை வாங்கிப் படித்து, அதில் ஏரியையும் மீன்பிடித் துறையையும் பறவைகளையும் பற்றி எழுதியிருப்பவை நீங்கள் எடுத்த கணக்கோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் உங்கள் கணக்கின் நகலுடன் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.