வேலூர் வெயிலில் வெல்வெட் ஆந்தூரியம் பிழைக்குமா?

வேலூரில் வீட்டுக்குள் வைத்த வெல்வெட் ஆந்தூரியத்தின், அதாவது வெல்வெட் துணிபோல் மினுங்கும் இலைகொண்ட அழகுச் செடியின், இலையோரம் கருகுகிறது, இந்த வெயிலுக்கு அது தாங்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். தாங்கும். சத்துவாச்சாரியில் எங்கள் கூடத்தில் இருக்கும், வெல்வெட் ஆந்தூரியங்களில் ஒன்றான கிளாரிநெர்வியம் வகைச் செடி நான்கு கோடைகளைக் கண்டுவிட்டது. ஆனால் அதற்கு முன் ஒரு செடியை நானே சாகடித்தேன் என்பதால்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

நீங்களும் நர்சரியில் கொடுத்த செம்மண்ணோடு அப்படியே வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் வைத்தேன். மே மாதத்தில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டியதும், பாவம், செடிக்குத் தாகமெடுக்குமே என்று காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியதோடு, இலைகளின் மேல் உப்பான போர்த் தண்ணீரையும் தெளித்தேன். இலைகள் மஞ்சளாகித் தொங்கியபோதும் வெயிலைத்தான் திட்டினேன். கடைசியில் தொட்டியைக் கவிழ்த்து ஒரு வேரைப் பிடித்து இழுத்தபோது, அதன் தோல் உறைபோலக் கழன்று கையோடு வந்தது. உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சியிருந்தது. அழுகல் நாற்றமும் அடித்தது. அதைக் கொன்றது வெயில் அன்று, ஈரம் வடியாத மண்.

இந்தச் செடியின் பிறப்பிடம் மெக்சிகோவின் சியாபாஸ் பகுதி. அங்கே சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில், மக்கிய இலைகளுக்கு நடுவே வேர்விட்டு வளர்வது இது. அதன் வேருக்குத் தண்ணீரோடு காற்றும் வேண்டும். அடுத்த செடிக்குத் தேங்காய் மட்டைத் துண்டுகள், அடுப்புக்கரி, உடைத்த செங்கல், ஒரு பிடி மண்புழு உரம் ஆகியவற்றை மட்டும் கலந்தேன். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால்தான் தண்ணீர்.

சுண்ணாம்பில் வளரும் செடியை இந்த உப்புப் போர்த் தண்ணீர் என்ன செய்துவிடும் என்று சிலர் மறுக்கக்கூடும். வேரைப் பற்றி நான் வாதாட வரவில்லை; இலையைப் பற்றித்தான் சொல்கிறேன். அந்த வெல்வெட் மினுமினுப்பு முடியால் வருவதன்று, மேல்தோலின் செல்கள் நுண்ணிய குமிழ்களாகப் புடைத்திருப்பதால் வருவது. தெளித்த போர்த் தண்ணீர் காய்ந்ததும் அதன்மேல் வெள்ளைத் திட்டுகள் படிந்தன. ஈரத் துணியால் அழுத்தித் துடைத்ததில் மினுமினுப்பே போய்விட்டது. இப்போது தூசியை மென்மையான தூரிகையால் மட்டும் தட்டுகிறேன், இலைமேல் தண்ணீர் தெளிப்பதே இல்லை. செடி கிழக்கு ஜன்னலிலிருந்து நான்கடி தள்ளி இருக்கிறது. கோடையில் ஏர் கூலரின் ஈரக்காற்று நேராக மேலே படாமல் அறைக்குள் சுற்றும்படி வைக்கிறேன். காற்று வறண்டால் இலையின் அடியில் செஞ்சிலந்தி என்னும் சாறு உறிஞ்சும் சிற்றுயிர் வரும், அதையும் பாருங்கள்.

வீட்டில் சிறு குழந்தை இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். இது நம் சேம்பு, கருணைக் குடும்பம். கடித்தால் அதே வகையில் வாயும் நாக்கும் அரித்து எரியும்.

உங்கள் செடியை இன்றே தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பாருங்கள். வெளிறித் திடமாக இருந்தால் கலவையை மட்டும் மாற்றினால் போதும்; பழுப்பேறிக் கொழகொழத்திருந்தால் அந்தப் பகுதியைச் சுத்தமான கத்தியால் வெட்டிவிட்டு, ஒரு நாள் நிழலில் உலர்த்தி நடுங்கள்.